தவறும் பட்சத்தில்

பதினேழாவது கேள்விக்கு மட்டும் எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. மற்ற இருபத்தைந்து கேள்விகளையும் மூன்றே வாரத்தில் முடித்திருந்தோம். அம்மாவும் அப்பாவும் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள் என்று மகள் தொலைபேசியில் கேலி செய்வாள். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

என் மனைவி ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் தலைமைச் செவிலியர். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் ஒவ்வொருத்திக்கும் முதல் ஆறு மாதம் ஒரு மூத்த நர்ஸைத் துணையாகப் போடுவார்கள். அவள் வார்டில் அது அவளேதான். அந்த மூத்தவர் தன்னை எப்படி நடத்துகிறார் என்று புதியவள் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுச் சொல்வதற்காக, எங்கோ ஒரு நாட்டில் ஒரு கேள்வித்தாள் செய்திருந்தார்கள். நர்ஸிங் கல்லூரிப் பேராசிரியை அதை இங்கே கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தார். ஒருவர் தமிழில் எழுத வேண்டும். மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப இங்கிலீஷில் எழுத வேண்டும். இரண்டு இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தடம் புரண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் நர்ஸுகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதுதான் முறை.

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. என்னைக் கேட்காமலேயே அவள் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் சும்மாதான் இருக்கிறார், செய்தித்தாளில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாளாம்.

அவள் குழுவில் சேர்ந்ததே பதினேழாவது கேள்விக்காகத்தான். வேலையில் தவறு செய்துவிட்டால் அதைத் தன் மூத்தவரிடம் போய்ச் சொல்ல முடியும் என்று புதியவள் நம்புகிறாளா? அதுதான் அந்தக் கேள்வி.

அதற்கு ஐந்து மாதம் முன்னால் அவள் வார்டில் ஒன்று நடந்தது. ஒன்பதாம் பெட்டுக்குப் போட வேண்டிய ட்ரிப் பாட்டில் பதினொன்றாம் பெட்டில் தொங்கியது. அதில் ஒரு மருந்து கலந்திருந்தது. பதினொன்றாம் பெட்காரருக்கு அது ஆகாது. காலை பதினொரு மணிக்கு அவருக்கு நெஞ்சு படபடத்து, கண் செருகி, நாலு பேர் ஓடி, ஒரு வழியாக ஆளைக் காப்பாற்றினார்கள். அதற்குள் யாரோ பாட்டிலை மாற்றிவிட்டிருந்தார்கள். சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மாலையில் என் மனைவி குப்பைக்கூடையைக் கிளறி, நாலாகக் கிழிந்த ஒரு லேபிளைக் கண்டுபிடித்தாள். மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். விசாரணை நடந்தது. அன்று டியூட்டியில் இருந்த ஒன்பது பேரும் தெரியாது என்றார்கள். காரணம் அறியப்படவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அவளால் மூட முடியவில்லை. யார் என்பதைக்கூட அவள் அவ்வளவாகத் தேடவில்லை. துவைத்த யூனிஃபார்மை மடித்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"ஒருத்தியையாவது நான் திட்டியிருக்கேனாங்க? அக்கா அக்கான்னு காலைச் சுத்தி வர்றாங்க. அப்புறம் ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

முதல் வரைவை ஒரே மூச்சில் எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். மூன்று கேள்வி படித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"மேற்படி வழிகாட்டியானவர், எனது ஐயங்களை நிவர்த்தி செய்பவராக இருக்கிறார். இதைப் படிச்சா பிள்ளைங்க பதில் எழுத மாட்டாங்க, ஜாமீன் கேப்பாங்க."

"நல்ல தமிழ்தானே?"

"நல்ல தமிழ்தான். சம்மன் மாதிரி இருக்கு."

மேற்படியை எடுத்தேன். வழிகாட்டி என்ற சொல்லிலும் எங்களுக்குள் சண்டை. வழிகாட்டி என்றால் ரோட்டோரத்தில் நிற்கும் பலகை என்பது அவள் கட்சி. ஆசான், குரு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தாள். வார்டில் எல்லோரும் சொல்வது அக்காதான். ஆனால் அக்கா என்று அச்சடித்தால் சொந்த அக்காவை நினைத்துக்கொண்டு எண் போடுவார்கள். கடைசியில் "என் மூத்த செவிலியர்" என்று எழுதினோம். ஆனால் அந்தத் திருத்தம் வருவதற்குள் முதல் வரைவின் ஒரு படி, திரும்ப இங்கிலீஷில் எழுத வேண்டியவருக்குப் போய்விட்டது.

அவர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் பாலிசி பத்திரங்கள் பார்த்தவர். சுத்தமான மனிதர், ஒரு காற்புள்ளி விடமாட்டார். அவர் அனுப்பிய தாளைப் பேராசிரியை கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தார். கல்லூரியின் செயல்முறை அறையில் உட்கார்ந்திருந்தோம். சுவரோரம் ஊசி போட்டுப் பழகுவதற்கான ரப்பர் கைகள் வரிசையாக இருந்தன. பதினேழுக்கு வந்ததும் பேராசிரியை நிறுத்தினார்.

நான் எழுதியது: நான் தவறும் பட்சத்தில் என் வழிகாட்டியை அணுகலாம். அவர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நான் இறந்துபோனால் என் வழிகாட்டியை அணுகவும். பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு குறிப்பு: வழிகாட்டி என்பவர் நாமினியா?

எல்லோரும் சிரித்தோம். இன்ஷூரன்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் அலுவலகத்தில் அந்த வரிக்கு வேறு அர்த்தமே கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் செத்தவள் வந்து ஐந்து மார்க் போடுவாளா என்று கேட்டாள். சிரிக்கும்போது அவள் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. நின்று நின்று இப்படித்தான் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

தவறு வேண்டாம் என்று பிழையைப் போட்டேன். "என்னால் ஒரு பிழை நேர்ந்தால் அதை என் மூத்த செவிலியரிடம் சொல்ல முடியும்." இந்த முறை இங்கிலீஷும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. முப்பது நர்ஸுகளுக்குக் கொடுத்தோம். பாதிப் பேர் அவளுடைய வார்டு.

பதினேழில் முப்பது பேரும் ஐந்து போட்டிருந்தார்கள்.

எல்லோரும் ஒரே எண் போடும் கேள்வி எதையும் அளக்காது என்றார் பேராசிரியை. அதை எடுத்துவிடலாம், இருபத்தைந்தே போதும் என்று முடிவுக்கு வந்துவிட்டார். அதுவும் நியாயம்தான். என் மனைவி ஒரு மாதம் தவணை கேட்டாள்.

"மேடம், அந்த முப்பதுல ஒருத்திதான் லேபிளைக் கிழிச்சவ. அவளும் அஞ்சு போட்டிருக்கா. அவ பொய் சொல்றாளா, நாம கேட்டது புரியலையான்னு மட்டும் பார்த்துடலாம்."

பேராசிரியை ஒரு மாதம் கொடுத்தார். அதற்கும் ஒரு முறை இருந்தது. நர்ஸ் ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்து, கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். அவளே கேட்க முடியாது. அவளைப் பற்றிய கேள்வி. வெளியாள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். கட்டிய புருஷன் எந்தக் கணக்கில் வெளியாள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

லினன் ரூமில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று பக்கமும் துணி அடுக்கு. வெந்த துணி வாசனை. நாலாவதாக வந்தவளை வார்டில் குருவி என்பார்கள். நடக்காமல் தத்திக்கொண்டே போவாள். உட்கார்ந்ததும் அவள்தான் என்னை முதலில் கேட்டாள்.

"சார்னு கூப்பிடவா, மாமான்னு கூப்பிடவா?"

ஏன் என்றேன்.

"நீங்க அக்கா வீட்டுக்காரர். சார்னா ஒரு பதில் சொல்வேன், மாமான்னா அக்காவுக்கு எப்பவும் அஞ்சுதான்."

சார் என்றே கூப்பிடச் சொன்னேன். பதினேழைப் படித்தாள். பிழை என்றால் என்ன புரிகிறது என்று கேட்டேன்.

"எழுத்துப்பிழை. சார்ட்ல பேஷன்ட் பேரைத் தப்பா எழுதிட்டா அக்காகிட்ட சொல்வோம். அதுல என்ன இருக்கு? வார்டுல பிழைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார். பிழைச்சுட்டார்னா ஆளு கண்ணு முழிச்சுட்டார்னு அர்த்தம்."

அப்படியானால் தப்பு என்று போடலாமா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. தப்பு என்றால் வேண்டுமென்றே செய்தது, ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்கவே கூடாது என்றாள். அப்புறம் பக்கத்து அடுக்கில் இருந்த போர்வையின் மடிப்பை நேராக்கிக்கொண்டே சொன்னாள்.

"நாங்க மாறிடுச்சுன்னுதான் சொல்வோம்."

"என்ன மாறிடுச்சு?"

"எல்லாம்தான். மாத்திரை மாறிடுச்சு. பெட் மாறிடுச்சு. அப்படித்தான் சொல்வோம்."

வீட்டுக்கு வந்து நான் இதை எடுத்துச் சொன்னபோது என் மனைவி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். பிறகு அதையே போடுங்கள் என்றாள். என் கையால் ஏதாவது மாறிப்போனால். நான் ஒப்பவில்லை. மாறிப்போனால் என்ற வாக்கியத்தில் செய்தவன் இல்லை. யார் மாற்றியது என்று சொல்லாத வாக்கியம் எந்த மன்றத்திலும் நிற்காது என்று வாதாடினேன்.

"யாருன்னு கேட்டா எவ வாயைத் திறப்பா? மாறிடுச்சுன்னு மொதல்ல சொல்லட்டும். யாருன்னு அப்புறம் அவளே சொல்வா."

"அது மொழி இல்லம்மா, நழுவல்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தா, சொல்ல வந்ததை நீங்க கேக்கறதில்ல. சொன்ன விதத்தைத்தான் திருத்துவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் சொன்னபடியே போட்டோம். இந்த முறை ஒட்டிய உறை, பெயர் இல்லை, வார்டு இல்லை, பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அதே முப்பது பேர். பதினேழில் பதினொரு பேர் ஒன்றோ இரண்டோ போட்டிருந்தார்கள். பேராசிரியைக்கு ஒரே சந்தோஷம். கேள்விக்கு உயிர் வந்துவிட்டது, இனி யாரும் அதை எடுக்கச் சொல்ல முடியாது என்றார். என் மனைவி நன்றி சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு நிறுத்தம் தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"பதினோரு பேருங்க."

எல்லோரும் உன் வார்டு இல்லையே என்றேன்.

"பாதிப் பேர் என் வார்டு. இத்தனை நாள் கேள்விதான் சரியில்லைன்னு நெனச்சேன்."

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வார்டு நடுவில் விழுந்தாள். தன் மருத்துவமனையிலேயே, இரண்டு மாடி மேலே, பத்தொன்பது நாள் கிடந்தாள். இதயம் பெரிதாகி, வலுவிழந்து, உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. இளவயது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, முதல் ரிப்போர்ட் வந்தபோதே ஓய்வெடுத்துப் படுத்திருக்கலாமே என்றார். எந்த ரிப்போர்ட் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தை என் கையில் கொடுத்தார். முப்பது ஐந்துகள் வந்த அந்த வாரத்துத் தேதி போட்டிருந்தது.

நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பதில் சொல்லும் நிலையில் அவளும் இல்லை. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். தவறிவிட்டார் என்று ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தபோது இன்ஷூரன்ஸ்காரரின் பென்சில் குறிப்பு நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் குருவி வீட்டுக்கு வந்தாள். லாக்கரைக் காலி செய்து எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, கத்தரிக்கோல், முடிந்துபோன இரண்டு பேனா, மூன்று மாத்திரை அட்டை. மாத்திரைகளைப் பார்த்து நான் நிமிர்ந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியும் என்றாள்.

பதினொரு பேர் குறைத்துப் போட்டது தெரிந்த அடுத்த வாரம் என் மனைவி அவளை லினன் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறாள்.

"'எனக்கு ஒண்ணு மாறிப்போச்சுடி. நான் கவனிக்காம விட்டுட்டேன். வீட்ல சொல்லல. இதைப் படி'ன்னாங்க மாமா. அக்கா என்கிட்ட அப்படி எதுவுமே சொன்னதில்ல. அப்பத்தான் நானும் சொன்னேன். அன்னிக்கு ட்ரிப் எங்கிட்டதான் மாறிடுச்சுன்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு என் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஏன் அப்பவே வரலைன்னு கேட்டாங்க. திட்டுவாங்கன்னா வந்திருப்பேன் மாமா. வாங்கிக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அக்கா திட்ட மாட்டாங்க. ஒண்ணும் சொல்லாம நம்ம கையிலேர்ந்து வாங்கி, அவங்களே சரி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்த வேலை நம்ம கைக்குத் திரும்பியே வராது. அதைத்தான் சொன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க. 'நல்ல ஜோடிதான் நாங்க'ன்னாங்க. எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. அவள் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வாள், நான் வாயிலிருந்து வார்த்தையை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றாம் பெட்காரரின் வீட்டைத் தேடிப் போய் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் குருவியை ட்ரிப் பக்கமே விடவில்லை. அந்த மாதம் முழுக்க அவள்தான் என் மனைவிக்கு லாக்கரிலிருந்து வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் சொல்லுங்கள் என்று தினமும் நச்சரித்தாளாம். சொல்கிறேன், சரியான வார்த்தை கிடைக்கட்டும் என்பாளாம். தடை முடிந்து குருவி திரும்ப முதல் பாட்டிலை மாட்டிய அன்று, என் மனைவி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். ஊசி இரண்டு தரம் நழுவியும் கையை முன்னால் எடுக்கவில்லையாம்.

குருவி போன பிறகு துணிப்பை மேசைமேல் கிடந்தது. அந்த ரிப்போர்ட் வந்த நாட்களில் ஒருநாள் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்குப் போக இருந்தவள் திரும்பி வந்து நின்றாள்.

"எனக்குக் கால்ல நீர் ஏறுது போலிருக்குங்க."

நீர் ஏறுவதில்லை, கோத்துக்கொள்ளும் என்றேன்.

"சரி. கோத்துக்குது" என்றாள். கொஞ்சம் நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

போன வாரம் பேராசிரியை கூப்பிட்டார். கேள்வித்தாள் அச்சுக்குப் போகிறது, கடைசியாகச் சரிபார்த்த நிபுணர்கள் ஒரே ஒரு இடத்தில் தடை சொல்கிறார்கள் என்றார். பதினேழில் மாறிப்போனால் என்பது பேச்சு வழக்காம், செய்பவர் யார் என்று அதில் தெளிவில்லையாம். தவறு நேரும் பட்சத்தில் என்று மாற்றச் சொல்கிறார்களாம். நான் மொழி ஆள், நான் சரி என்றால் மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம் மேடம். அப்படியே இருக்கட்டும்."

"நீங்களே முதல்ல கூட்டத்துல இதைத்தானே சொன்னீங்க? வாக்கியம் நிக்காதுன்னு?"

ஆமாம் என்றேன். காரணம் எழுதிக் கேட்டார்கள். பதினொரு பேர் என்று எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள்.

இன்று தபாலில் ஒரு படி வந்தது. மொழியாக்கக் குழுவில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. மூத்த செவிலியர் என்ற இடத்தில் என்னை வைத்து, அவள் எனக்கு என்ன எண் போட்டிருப்பாள் என்று பதினேழை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவள் யாருக்கும் குறைத்துப் போட மாட்டாள். முகத்துக்காக மூன்று போட்டிருப்பாள். பென்சிலை எடுத்து இரண்டைச் சுழித்தேன். தாளை வந்த உறையிலேயே போட்டு ஒட்டி, அலமாரியில் அவள் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தேன்.